பனி வண்டிக்குப் பூக் கட்டிய கதை

பனியை நான் பார்த்ததில்லை. மலையையும் அவ்வளவாகப் பார்த்தவன் இல்லை. எங்கள் துறைமுகத்தைச் சுற்றி நிற்கிற குன்றுகளை மலை என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பெற்றோல் கிடைக்காத காரணத்தால் அது வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி கோழிகளுக்குத் தங்குமிடமாக இருந்தது. இத்தனை தகுதிகளோடுதான், போர் நடந்துகொண்டிருந்த வருசங்களில் ஒரு மாசி மாதம், மலைப் பனியில் ஓடுகிற வண்டிகள் இரண்டில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேட்டவன் என் தம்பி. கனடாவில் இருந்தான். கனடா என்றால் எங்கள் ஊரில் ரொறன்ரோ என்று பொருள். ஆனால் அவன் அங்கேயும் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் நாள்கணக்காகப் போகவேண்டிய மேற்குப் பக்கத்து மலையூர் ஒன்றில், ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அந்த ஊரில் தமிழ் பேசுகிறவர் அவன் ஒருவன்தான். அவனும் தனக்குத் தானே பேசினால்தான் உண்டு.

பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற ஆமியின் சுற்றிவளைப்புகள் மும்முரமாக நடந்த காலத்தில் அவனை அனுப்பி வைத்தோம். போகும்போது, "பிரச்சினை கொஞ்சம் தணிய வந்திருவன் அம்மா" என்று சொன்னான். பஸ்ஸுக்கு நிற்கிற எவரும் சொல்கிற வார்த்தைதான். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவனுடைய அலுமாரியை என் புத்தகங்களுக்குத் தரமாட்டார். "அவன் வந்தால் சேட்டுகளை எங்க வைக்கிறது?" என்பார். அதனால் என் நூலகம் முழுவதும் அரிசிச் சாக்குகளில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உலகத்துப் பேரறிஞர்களைக் கரப்பான்கள் என்னைவிட ஆழமாகக் கற்றன.

வீட்டில் ரெலிபோன் இல்லை. சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்குத்தான் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். கடைக்குள் ஒரு கண்ணாடிக் கூடு, அதற்கு ஒரு கதவு. கதவு முழுதாகச் சாத்துப்படாது. ஆகவே லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அந்தரங்கம் எல்லாம் வாங்கிலில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே வந்தது. அம்மாவும் நானும் போவோம். அம்மாவின் பங்கு எப்போதும் ஒரே கேள்வி: "எப்ப வாறாய் மகன்?" அவனுடைய பதில், "பாப்பம் அம்மா." அந்த 'பாப்பம்' அம்மாவுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் போதுமாக இருந்தது.

அந்த மாசி ஞாயிறு, அம்மாவுக்கு முன் என்னைக் கூப்பிடச் சொன்னான்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்க வேணும்."

எங்கள் குடும்பத்தில் இப்படித் தொடங்கினால் பின்னால் வருவது ஒன்றில் நோய், அல்லது கலியாணம். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஸ்னோமொபைல் ஒண்டு வாங்கப் போறன்."

"அதென்ன சாமான்?"

"பனியில ஓடுற மோட்டச்சைக்கிள் மாதிரி. முன்னுக்கு ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சில்லுக்குப் பதிலா ரப்பர்ப் பட்டி ஒண்டு சுத்தும்."

"வேலைக்குப் போறதுக்கோ?"

"இல்லை, வேலைக்கு நடந்து போவன். இது சும்மா. மலைக்கு ஏற."

"மலையில என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை அண்ணை. ஏறிப்போட்டு இறங்கிறது."

எங்கள் பரம்பரையில் இதற்கு முன் எவரும் ஏறி இறங்குவதற்காக ஒரு பொருள் வாங்கியதில்லை. அப்பா சைக்கிள் வாங்கியது கந்தோரில் வேலைக்குப் போக. நான் மோட்டார் சைக்கிள் வாங்கியது பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக. இவனோ ஒன்றுமில்லாத இடத்துக்குப் போக ஒரு வாகனம் கேட்கிறான். இரண்டு மாதிரி வண்டி பார்த்து வைத்திருக்கிறானாம். ஒரே கொம்பனி, ஒரே எஞ்சின், ஒரே உருவம். எதை எடுப்பதென்று தெரியவில்லையாம். மாசி, பங்குனியோடு மலிவு விற்பனை முடிந்துவிடுமாம். "நீங்கள் சொல்லுறதைத்தான் வாங்குவன். படங்களை அனுப்பி வைச்சிருக்கிறன்."

இதில் ஒரு வழமை இருந்தது. எங்கள் வீட்டில் சில்லு வைத்த எதையும் மூத்தவர் ஓம் என்று சொல்லாமல் வாங்குவதில்லை. அப்பா இருக்கும்வரை அப்பா, அதன்பிறகு நான். இந்த வண்டிக்குச் சில்லே இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மூளைக்கு எட்டியது.

கூட்டை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "என்னவாம்?"

"பனியில ஓடுற வண்டி ஒண்டு வாங்கப் போறானாம்."

அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சந்தி திரும்பும்போது சொன்னார்:

"இஞ்ச வாறதுக்கு யோசிக்கிறவன் பனியில ஓடுற வண்டி வாங்குவானோ?"

"அங்க எல்லாரும் வைச்சிருப்பினமாக்கும்" என்றேன்.

படங்கள் வந்தன. உறையை எங்களுக்கு முன்னரே யாரோ உடைத்துப் பார்த்து, எங்களை விடத் துப்புரவாக ஒட்டியிருந்தார்கள். பளபளப்பான இரண்டு தாள்கள். முதலாவதில், வெள்ளைச் சரிவு ஒன்றில் கறுப்பு வண்டி ஒன்று பாய்கிறது. இரண்டாவதில் வேறொரு வெள்ளைச் சரிவில் இன்னொரு கறுப்பு வண்டி பாய்கிறது. ஒன்றில் பக்கவாட்டில் சிவப்புக் கோடு, மற்றதில் பச்சைக் கோடு. கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அகராதி, பூதக்கண்ணாடி, மண்ணெண்ணெய் விளக்கு மூன்றையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்ததில் ஒரே ஒரு வித்தியாசம் அகப்பட்டது. பச்சைக்கோட்டு வண்டியின் பட்டி ஒரு சாணளவு கூடுதல் நீளம். நீளப் பட்டி ஆழமான பனியில் புதையாமல் மிதக்கும், ஆனால் சட்டென்று திரும்பாது. குறுகிய பட்டி நன்றாகத் திரும்பும், ஆனால் புதையும். அதாவது, முன்னுக்குப் போவதா, திரும்பி வருவதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் இரண்டுக்கும் அனுமதி இல்லாததால் எனக்கு முன் அனுபவம் கிடையாது.

ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருசங்களில் எங்களுக்குத் தெரிவு செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. கடைக்குப் போனால் இருக்கிற சவர்க்காரம், சந்தைக்குப் போனால் கரை சேர்ந்த மீன், ஆமியின் சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், மறித்தால் ஒரே பதில். இதுவா அதுவா என்று ஒருவர் என்னைக் கேட்டு எத்தனையோ காலம். நாலு பக்கத்துக்கு ஒரு ஒப்பீட்டுக் கட்டுரையே எழுதினேன். முன்னுரையும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அந்தத் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு அம்மாவோடு புறப்பட்டேன். வழியில் சென்றி. ஆமிக்காரப் பொடியன் பையைத் துழாவினான். தாள்களை எடுத்தான். முன்னுக்குச் சறுக்குக் கட்டையும் பின்னுக்குச் சங்கிலி போன்ற பட்டியும் வைத்த கறுப்பு வாகனம். அவன் முகம் மாறியது.

"மே மொக்கத்த?" இது என்ன என்று கேட்டான்.

என் சிங்களம் மரக்கறி வாங்கப் போதும், ஸ்னோமொபைலுக்குப் போதாது. கனடா, தம்பி, பனி என்று மூன்று சொல்லை எடுத்து, மிச்சத்தைக் கைகளால் நடித்துக் காட்டினேன். நடுச்சந்தியில், நாற்பதை நெருங்கிய ஆசிரியர் ஒருவர் இல்லாத மலையிலிருந்து சறுக்கி இறங்கினார். பொடியன் மற்றவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் தாள்களை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு முதலாமவன் சிவப்புக்கோட்டு வண்டியில் விரலை வைத்து, "மேக்க லஸ்ஸணாய்" என்றான். இதுதான் வடிவு. தாள்களை மடியாமல் திருப்பித் தந்தான். அவற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"அவனும் ஆரோ தாய்க்கு எப்ப வாறன் எண்டு சொல்லாமல்தான் நிக்கிறான்" என்றார் அம்மா.

கடையில் தம்பியின் அழைப்புக்குக் காத்திருந்தபோது தாள்கள் வாங்கிலில் இருந்தவர்களிடையே கைமாறின. கடை முதலாளி முதலில் அபிப்பிராயம் சொன்னார்.

"பச்சைக் கோடு போட்டது வேண்டாம் எண்டு சொல்லுங்கோ சேர். தூரத்தில இருந்து பாத்தால் ஆமிச் சாமான் மாதிரித் தெரியும். பிறகு ஏன் சோலி?"

"அங்க ஆமி ரோட்டில நிக்காது."

"இப்ப நிக்காது" என்றார் முதலாளி.

பக்கத்தில், சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர். மகன் சவூதியில். அவர் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டார்.

"எத்தினை குதிரை?"

"நூறுக்கு மேல எண்டு போட்டிருக்கு."

அவர் வாயைப் பிளக்கவில்லை, மெல்லச் சிரித்தார். அவருடைய வள்ளத்துக்கு எவ்வளவு வலுவுள்ள எஞ்சின் பூட்டலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்து வைத்திருந்தது. எந்த நேரம் கரையை விடலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

"நேவி விடுவாங்களோ?"

"அது மலை. அங்க நேவி இல்லை."

"நேவியும் இல்லை, ஆமியும் இல்லை. பிறகு ஆருக்குப் பயந்து இவ்வளவு வேகம்?"

"பின்னுக்கு எடுக்கேலுமோ எண்டு பாருங்கோ" என்றார் முதலாளி. "முன்னுக்கு மறிச்சு வைச்சிருந்தால் திருப்பிறதுக்குள்ள சுட்டுப்போடுவாங்கள்."

நான் எல்லாவற்றையும் கட்டுரையின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். ஒலி குறைந்தது எது, பெற்றோல் குறைவாகக் குடிப்பது எது, ஒழுங்கைக்குள் திரும்பக்கூடியது எது. ஆளில்லாத மலையில் ஏறுவதற்கு ஒரு விளையாட்டு வண்டியைத் தெரிவு செய்யச் சொன்னால், நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து, சோதனைச் சாவடியில் அகப்படாமல் தப்புவதற்கு ஒன்றைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம். இதில் எது பிழை என்று அந்தக் கடைக்குள் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அன்று அழைப்பு வரவில்லை. எங்கோ கம்பம் விழுந்ததா விழுத்தப்பட்டதா, லைன் செத்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முடிவு செய்துவிட்டார். "நீ படிச்சது காணும். வெள்ளிக்கிழமை கோயில்ல பூக் கட்டிக் கேப்பம்."

பூக் கட்டிக் கேட்பது எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கும் காணி வாங்கவும் செய்கிற காரியம். இரண்டு நிறப் பூவை எடுத்து, வெளியே தெரியாதபடி இலையில் சுற்றி, சாமி முன் வைத்து, சங்கதி தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எந்தப் பூ வருகிறதோ அது சாமியின் சொல். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் நாலு பக்கக் கட்டுரையும் கடைசியில் 'இரண்டும் ஏறக்குறைய ஒன்றே' என்றுதான் முடிந்திருந்தது. அதனால் நானும் கூடப் போனேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் அம்மா மூன்று பூவை எடுத்து வைத்தார். வெள்ளை நந்தியாவட்டை, சிவப்பு அலரி, மஞ்சள் அலரி.

"ரெண்டு வண்டி எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா. வெள்ளை வந்தால் பச்சைக் கோடு. சிவப்பு வந்தால் சிவப்புக் கோடு. மஞ்சள் ரெண்டும் வேண்டாம், இஞ்சாலை வா எண்டதுக்கு."

"மூண்டு கட்டுற வழமை இல்லை அம்மா."

"ரெண்டைக் கட்டினால் ரெண்டில ஒண்டு வரத்தானே செய்யும். வேண்டாம் எண்டு சொல்லச் சாமிக்கும் ஒரு வழி விட வேணும் ஐயா."

ஆண்டு முழுவதும் வினாத்தாள் தயாரிக்கிறவன் நான். மேற்கூறிய எதுவுமில்லை என்ற விடையைப் பிள்ளையாருக்கு வைக்க எனக்குத் தோன்றியிருக்காது. ஐயர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அவர் மூன்றையும் வாழையிலைத் துண்டுகளில் சுற்றி, நூல் கட்டி, தட்டில் உருட்டி வைத்தார்.

எடுப்பதற்கு ஆள் வேண்டும். மண்டபத்தின் மூலையில், திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஒரு பெண், பூசை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். ஐயர் கூப்பிட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணை மூடி, நடுவில் இருந்ததை எடுத்தார். ஐயர் நூலை அவிழ்த்தார்.

மஞ்சள்.

அம்மா தட்டில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசினார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அப்பா செத்தபிறகு அது அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னத்துக்குப் பிள்ளை கேட்டது?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

"மலையில, பனியில ஓடுற மோட்டச்சைக்கிள் ஒண்டு வாங்கலாமோ எண்டு."

அவர் ஐயரிடம், "எனக்கும் ஒருக்காக் கட்டிப் பாருங்கோ ஐயா, ஊருக்குத் திரும்பிப் போகலாமோ எண்டு" என்றார்.

"இண்டைக்குப் பூ முடிஞ்சுது" என்றார் ஐயர். கூடையில் பூ இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டார். சமைக்கும்போது கதைத்தார். "கொழும்பால வாற பஸ் கந்தளாயில மறிபட்டால் இரவு அங்கதான் கிடக்க வேணும். அவனைக் காலமை பஸ்ஸில ஏறச் சொல்ல வேணும்" என்றார். "குளிர்ல இருந்த உடம்பு, வந்த உடனை கிணத்தில அள்ளிக் குளிக்க விடக் கூடாது" என்றார். அவனுக்கு அகதி என்று ஏற்றுப் பத்திரம் கொடுத்தபிறகு, இங்கே வந்தால் அங்கே திரும்ப முடியாது என்பதும், இங்கே வந்தால் முதலாவது சென்றியைத் தாண்டுவதே நிச்சயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் பிள்ளையார் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதானே மஞ்சளைத் தந்திருக்கிறார்? இந்த வாதத்தை எதிர்கொள்ளும் வல்லமை என் சாக்குகளில் இருந்த எந்தப் பேரறிஞருக்கும் இல்லை.

என் கவலை வேறு. தம்பியிடம் இதை நான்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதைத்தான் வாங்குவேன் என்று சொன்னவன் அவன். சாமி வேண்டாம் என்று சொல்கிறது, அம்மா வா என்கிறார் என்று சொன்னால், வாங்கவும் மாட்டான், வரவும் ஏலாது. இரண்டுக்கும் நடுவில், அந்த மலையடிவாரத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பான். லைன் செத்துக் கிடந்த ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு விடுமுறை நாளாக இருந்தது. அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சீலை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய், இருந்துவிட்டு வந்தார்.

பங்குனி முடிகிற நேரம் லைன் உயிர்த்தது. அன்றைக்கே எடுத்தான்.

"அண்ணை, எத்தினை தரம் அடிச்சுப் பாத்தன் தெரியுமோ? நியூஸில வேற என்னவோ எல்லாம் சொன்னான். சுகமா இருக்கிறியளோ?"

"ஓம். இருக்கிறம். நீ சொன்ன விசயம்..."

"அதைத்தான் சொல்ல வந்தனான். சேல் முடியப் போகுது எண்டு வாங்கிப்போட்டன் அண்ணை. கோவிக்காதையுங்கோ."

"எதை வாங்கினனீ?"

"சிவப்புக் கோடு. கடையில அது ஒண்டுதான் மிஞ்சி இருந்தது. ரெண்டும் ஒண்டுதானே."

நாலு பக்கம், முன்னுரையோடு.

"ஓடிப் பாத்தனியோ?"

"பாத்தன்." குரல் தாழ்ந்தது. "மேல ஏறி எஞ்சினை நிப்பாட்டினன் அண்ணை. ஒரு சத்தமும் இல்லை. ஒரு குருவிகூட இல்லை. அப்பிடியே இருட்டும்வரை இருந்தனான்."

"தனியவோ?"

"ஓம், தனிய. நல்லா இருந்தது."

கண்ணாடிக்கு அந்தப்புறம் அம்மா நின்றார். கூட்டுக்கதவு சாத்துப்படாது என்று சொன்னேன் அல்லவா. அவருக்கு என் பக்கத்துப் பேச்சு முழுக்கக் கேட்டிருந்தது, விளங்கியுமிருந்தது. இருந்தாலும் றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சிவப்புக் கோட்டை வாங்கிட்டானாம்" என்றேன். அம்மா தலையை ஆட்டினார். உள்ளே வந்து றிசீவரை வாங்கினார். எப்போதும் இரண்டு கையாலும் பிடிப்பார். அன்றும் அப்படித்தான்.

"மகன். சாப்பிட்டியோ? ... காதைக் கட்டிக்கொண்டு ஓடு. குளிர் காதுக்குள்ளாலதான் போகும். ... ஓம், கேட்டனாங்கள். கோயில்ல பூக் கட்டிக் கேட்டனாங்கள்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சிவப்புத்தான் வந்தது" என்றார் அம்மா. "நீ வாங்கினது சரி. ஐயரும் அதைத்தான் நல்லது எண்டவர். யோசிக்காதை."

அந்தப் பக்கத்தில் அவன் எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தோசத்தில் சொல்வது போலத்தான் இருந்தது. அம்மா ஓம், ஓம் என்று கேட்டார். அந்த இடத்தில் வழக்கமாக வருகிற கேள்விக்கு நான் காத்திருந்தேன். அவனும் மறுமுனையில் 'பாப்பம்' என்ற சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பான்.

"வெளியில ஆக்கள் நிக்கினம் மகன். வைக்கிறன்" என்றார் அம்மா.

வைத்துவிட்டு வெளியே வந்தார். முதலாளி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.